இகுமியின் முதுகுக்கு ஒன்றும் இல்லை

ஆகஸ்டில் வருகிற ஓபோன் பண்டிகை நாட்களில் செத்தவர்கள் வீடு திரும்புகிறார்கள். அவர்களால் ஒரு தொல்லையும் இல்லை. ஒரு கிண்ணம் சோறு, கொஞ்சம் ஊதுபத்திப் புகை, போதும். உயிரோடு இருப்பவர்களும் அதே நாட்களில்தான் வீடு திரும்புகிறார்கள். வடித்துக் கொட்ட வேண்டியது அவர்களுக்குத்தான்.

எங்கள் சந்தின் கடைசி வீட்டு இகுமி இருபது வருஷம் அப்படி வடித்துக் கொட்டினாள். அவள் கணவன் யசுநோபு கஸாமா குடும்பத்தின் மூத்த மகன். பெரிய வீடு நீகாதாவில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அங்கே மாமியார் கிசாயேயும் கல்யாணம் ஆகாத கொழுந்தன் மோரியோவும் இருக்கிறார்கள். ஓபோன் வந்தால் மாமாக்கள், அத்தைகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று கூடம் நிறைந்துவிடும். மூத்தவனின் மனைவி அடுப்படியில் நிற்க வேண்டும். யாரும் அதை ஒரு சட்டமாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தையாவது பேசியிருக்கலாம்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். இகுமிக்கு வேலையும் சமையல்தான். பள்ளிக்கூட மதிய உணவுக் கூடத்தில், குளிக்கும் தொட்டி அளவு அண்டாவைத் துடுப்பு போன்ற கரண்டியால் கிண்டுகிற வேலை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால்தான் அவளுக்கும் லீவு. கோடையில் கிடைக்கிற அந்தச் சில நாட்களை ஓர் அண்டாவை விட்டு இன்னோர் அண்டாவுக்கு மாறி நின்றே கழித்துவந்தாள்.

போன ஜூலையில் ஒரு சாயங்காலம், சாப்பிடும்போது சொன்னாள்.

"இந்த வருஷம் ஓபோனுக்கு நான் பெரிய வீட்டுக்கு வரலை."

யசுநோபு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். "ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. வரலை. குகை பார்க்கப் போறேன்."

"வரலைன்னா... ஒரு நாள் லேட்டா வருவியா?"

பதினாறு வயது மகள் சிஹாயா செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "அப்பா, வரலைன்னா வரலைன்னுதான் அர்த்தம். எந்த அகராதியில வேணும்னாலும் பாருங்க."

குகை மோகம் இகுமிக்குப் பழையது. ஏன் அப்படி என்று நான் ஒருமுறை கேட்டேன். "அஞ்சாவது படிக்கும்போது கூட்டிட்டுப் போனாங்க. உள்ள போனதும் வழிகாட்டி எல்லா விளக்கையும் அணைச்சுட்டாரு. மத்தப் பிள்ளைங்க கத்துச்சு. எனக்கு அவ்வளவு சுகமா இருந்துச்சு. அந்த இருட்டுல யாரும் என்னை 'அதை எடு, இதை எடு'ன்னு சொல்ல முடியாது பாருங்க. எது எங்க இருக்குன்னு அவங்களுக்கே தெரியாதே!" என்று சிரித்தாள்.

அதற்காகவே ஒரு பழைய வேனைத் தேடி வாங்கிவைத்திருந்தாள். சின்ன வண்டிகளுக்குரிய மஞ்சள் நம்பர் பலகை போட்ட குட்டி வேன். பின்னால் மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு கையகலத் தொட்டி. யசுநோபு கால் நீட்டிப் படுத்தால் பாதம் தொட்டிக்குள் இருக்கும்.

அவனும் கெட்டவன் இல்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள், "சரி, மூணு பேரும் போவோம். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றான்.

இகுமி விரலை நீட்டிச் சொன்னாள். "உள்ளதை அப்படியே சொல்லணும். இகுமிக்கு வர இஷ்டமில்லை, அதனால வரலை. காய்ச்சல், வயித்துவலி, ஆபீஸ் வேலைன்னு எதையும் சேர்க்கக் கூடாது. இருபது வருஷம் கழிச்சு ஒரே ஒரு தடவை 'மாட்டேன்'னு சொல்றேன். அதுவாவது என் பேர்ல இருக்கட்டும்."

"சொல்றேன்."

"சத்தியமா?"

"சொல்றேன்னு சொல்றேன்ல."

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டான். அம்மாவின் குரல் கேட்டதும் ஐம்பது வயது ஆள் ஐந்து வயது ஆகிவிட்டான். "இகுமிக்கு முதுகு பிடிச்சுக்கிச்சும்மா. எழுந்திரிக்கவே முடியலை. நாங்க மூணு பேரும் வீட்டோடதான் இருக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டான். வெளியே வந்து மனைவியிடம், "சொல்லிட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லலை" என்றான். அதில் பாதி உண்மை.

பதின்மூன்றாம் தேதி, பெரிய வீட்டு வாசலில் செத்தவர்களுக்கு வழிகாட்ட நெருப்பு மூட்டுகிற நாளில், இவர்கள் ஃபுகுஷிமா மலைகளில் ஒரு குகைக்குள் இருந்தார்கள். வெளியே உருக்குகிற வெயில். உள்ளே பற்கள் கிட்டுகிற குளிர். மேலிருந்து சுண்ணாம்பு விழுதுகள் ஈரத்தோடு தொங்கின. இகுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள், பார்த்தாள், நகரவே இல்லை. பின்னால் வந்த கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஒரு சொட்டு நெற்றியில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

"அம்மா, அழுவுறியா?" என்றாள் சிஹாயா.

"தண்ணிடீ."

"எந்தத் தண்ணி?"

"மலைத் தண்ணி. போடீ முன்னால."

வெளியே வந்தால் யசுநோபுவைக் காணோம். எங்கே போயிருப்பான்? குகை வாசலில் பரிசுப் பொருள் கடை இருந்தால் அங்கேதான் இருப்பான். ஊருக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்புவது அவனால் முடியாத காரியம். அவன் அப்பாவாலும் முடிந்ததில்லை. எங்களில் யாராலும்தான் முடிவதில்லை, அது வேறு விஷயம். அலுவலகத்துக்குத் தனித்தனியாக உறை போட்ட பிஸ்கட் பெட்டி, சந்துக்காரர்களுக்குச் சின்னப் பெட்டிகள், பெரிய வீட்டுக்கு ஒரு பெரிய பெட்டி. சுண்ணாம்பு விழுது மாதிரி வெள்ளைச் சர்க்கரை வழிகிற கேக். எனக்கும் ஒன்று வந்தது. சுவை சுமார்தான்.

பெரிய பெட்டியை ஓபோன் முடிவதற்குள் போய்ச் சேரும்படி குளிர்பதனக் கூரியரில் போட்டான். கடைக்காரப் பெண் குகையின் படம் போட்ட தாளில் சுற்றி, மேலே மரியாதைத் தாள் ஒட்டி, "ஓபோன் காணிக்கைன்னு எழுதட்டுமா?" என்று கேட்டாள். "ஆமா, எழுதுங்க" என்று தலைகுனிந்து வணங்கிவிட்டு வந்தான். தான் சொன்ன பொய் அவன் தலையில் இருந்தது. கை தன் பாட்டுக்குப் பழக்கத்தைச் செய்துகொண்டிருந்தது. இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

அங்கிருந்து வடக்கே இவாதேவுக்குப் போனார்கள். இரவில் சாலையோர ஓய்வு நிலையங்களில் வண்டியை நிறுத்திப் படுத்தார்கள். காலையில் அங்கே வயலிலிருந்து நேரே வந்த தக்காளியை வாங்கி, உப்புத் தொட்டுத் தின்றார்கள். அதுதான் காலை உணவு. யாரும் சமைக்கவில்லை. ஒற்றை அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் மட்டும் கொதித்தது, அதையும் யசுநோபுதான் வைத்தான்.

பதினைந்தாம் தேதி காலை. அன்று ஒரு சின்னக் குகையில் தவழ்ந்து போகிற பயணத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள் இகுமி. அதில் கம்பி கிடையாது, மின்விளக்கு கிடையாது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து போக வேண்டும். ஓய்வு நிலையத்து வாசலில் வேன் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு, முழங்காலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. மாமியார்.

"இகுமி சான், உடம்பு எப்படி இருக்கும்மா?" கிசாயேயின் குரலில் தேன் வழிந்தது.

"நல்லா இருக்கேன் அத்தை. உங்களுக்கு எப்படி?"

"எனக்கென்ன. உன் முதுகுதான் பாவம். எழுந்திரிக்கவே முடியலைன்னு நோபு அழுதான்."

"முதுகா? என்ன முதுகு?"

அதற்குள் யசுநோபு காப்பியைக் கீழே வைத்துவிட்டான். மனைவிக்கு முன்னால் வந்து நின்று, தன் முதுகில் கையை வைத்து, முகத்தைச் சுளித்து, வலிக்கிற மாதிரி நடித்துக் காட்டினான். 'சொல்லு, ஆமான்னு சொல்லு' என்று உதட்டை அசைத்தான். சிஹாயா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமியார் நிறுத்தவில்லை. "நேத்து ஒரு பெட்டி வந்துச்சு. முறைப்படி முதல்ல சாமி மாடத்துல வச்சு, போய்ச் சேர்ந்த உன் மாமனாருக்குக் காட்டினேன். அப்புறம் பிரிக்கலாம்னு எடுத்தா, உன் கொழுந்தன் மோரியோ உறையில இருக்கறதை எல்லார் முன்னாலயும் சத்தமா வாசிக்கறான். ஆயிரம் படி இறங்கிப் பாருங்கள், பூமிக்கடியில் ஓர் அதிசயம்னு. கூடத்துல அத்தனை பேரும் என்னைப் பார்த்தாங்க. எனக்கு ஒரே சந்தேகம்தாம்மா. குகைக்குள்ள முதுகு நல்லா வளையுதா?"

இகுமி கணவனைப் பார்த்தாள். அவன் இன்னும் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது நிஜமாகவே வலிக்கிற மாதிரி இருந்தது அவன் முகம்.

"அத்தை, அவர் உங்ககிட்ட என்ன சொன்னாருன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது."

"இருக்கட்டும், இருக்கட்டும்." கிழவிக்குச் சண்டை வேண்டாம். வீட்டு மானம்தான் வேண்டும். "நான் சமாளிச்சுட்டேன். முதுகுக்கு வெந்நீர் ஊற்று வைத்தியத்துக்குப் போயிருக்கா, வழியில அந்தக் கடையில வாங்கியிருப்பாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லிக்கோ. நாளைக்குச் சாயங்காலம் வழியனுப்புற நெருப்புக்கு வந்துடு. மெதுவா நட, கொஞ்சம் குனிஞ்சு நட. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. சரியா?"

எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும். எல்லோருக்கும் தெரிந்த பொய்யை எல்லோரும் நம்புவதாகக் காட்டிக்கொள்வார்கள், வருஷம் ஓடிவிடும். அடுத்த ஆகஸ்டில் முதுகு தேறியிருக்கும். அவள் மறுபடியும் அடுப்படியில் நிற்பாள். சொன்ன 'மாட்டேன்' இருந்த இடமே தெரியாமல் போயிருக்கும்.

இகுமி எழுந்து நின்றாள். வேனின் கூரையில் தலை இடித்தது.

"என் முதுகுக்கு ஒண்ணும் இல்லை அத்தை. இரும்பு மாதிரி இருக்கு. உங்க வீட்டு அரிசி மூட்டையை இன்னிக்கும் ஒத்தையா தூக்குவேன். நான் வரலை. வர இஷ்டமில்லை. அதைத்தான் உங்ககிட்ட சொல்லச் சொன்னேன்."

தேன் நின்றுவிட்டது. "எழுபத்தாறு வயசுல என்னை அடுப்படியில நிறுத்திட்டு நீ மலை ஏறுறியா? இத்தனை பேருக்கு யாரு ஆக்கிப் போடறது?"

"யாருக்குப் பசிக்குதோ அவங்க. நீங்க உக்காருங்க அத்தை, நீங்களும் செய்யாதீங்க. மோரியோவுக்கு ரெண்டு கை இருக்கு. மாமாங்களுக்கும் ஆளுக்கு ரெண்டு இருக்கு. எண்ணிப் பாருங்க, என்னைவிட நிறைய கை இருக்கு அங்க."

"என்ன பேச்சு இது! நீ கஸாமா வீட்டு மருமகளா இல்லையா?"

"மருமகதான். சமையல்காரி பள்ளிக்கூடத்துல."

கிழவி தன்னிடம் இருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தாள். எங்கள் ஊரில் மாமியார் அதைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. "அப்படின்னா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. உன் சாம்பலை எங்க குடும்பக் கல்லறையில வைக்க விடமாட்டேன். செத்தப்புறம் தனியா கிட."

யசுநோபுவுக்கே கேட்டது. அவன் கை முதுகிலிருந்து இறங்கியது.

இகுமி சொன்னாள். "ரொம்ப நன்றி அத்தை. அங்க வந்தா அங்கயும் பாத்திரம் கழுவச் சொல்லுவீங்க."

போனை அணைத்தாள். முழங்கால் துணியின் முடிச்சை மறுபடி கட்டினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

"திரும்பிப் போறோம்" என்றான் யசுநோபு. முகம் வெளுத்திருந்தது. "இப்பக் கிளம்பினா சாயங்காலத்துக்குள்ள நீகாதா போயிடலாம். கையைத் தரையில ஊனி மன்னிப்புக் கேட்டுடலாம். ஏறுங்க ரெண்டு பேரும்."

"யார் மன்னிப்புக் கேக்கறது?"

"எல்லாரும்தான்!"

"நான் என்ன பொய் சொன்னேன்?"

"பொய்யா இப்ப பிரச்சினை? அம்மாகிட்ட அப்படிப் பேசலாமா? கல்லறை வரைக்கும் போயிடுச்சு!"

"கல்லறைக்குப் போனது உங்க அம்மா. நான் குகைக்குத்தான் போறேன்."

"இகுமி, வண்டியில ஏறு."

அவள் இருக்கைக்கு அடியிலிருந்து பையை எடுத்துத் தோளில் போட்டாள். "நான் உங்களைப் போக வேணாம்னு சொல்லலை. உங்க அம்மா, உங்க வீடு. போகணும்னா போங்க. ஆனா ஒரே ஒரு வேலை செய்யச் சொன்னேன் உங்களை. உள்ளதைச் சொல்லுங்கன்னு. அதைக்கூட என்கிட்டேருந்து எடுத்துக்கிட்டீங்க. இருபது வருஷத்துல நான் சொன்ன ஒரே ஒரு வார்த்தைக்கு வைத்தியம் பார்த்து அனுப்பிச்சிருக்கீங்க."

"சிஹாயா, நீயாவது ஏறு."

சிஹாயா வேனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "சாரி அப்பா. நான் ஹெல்மெட்டுக்கு அளவு சொல்லிட்டேன்" என்று இறங்கிவிட்டாள். இறங்கியவள் திரும்பி வந்து, "என் சார்ஜரை மட்டும் குடுங்க" என்றாள்.

வேன் போய்விட்டது. கூரையில் காயப்போட்டிருந்த மூன்று துண்டுகளும் படபடத்துக்கொண்டே போயின. இகுமி அது வளைவில் மறைகிற வரை பார்த்தாள். ஒரு நிமிஷம், ஓடிப் பின்னால் போய்விடலாமா என்று கால் துடித்ததாம் அவளுக்கு. பிறகு மலைப்பாதைப் பேருந்து வந்தது. அதில் அவர்கள் இருவரும் முழங்காலில் துணி கட்டிய கோலத்திலேயே ஏறினார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

குகை வாய் ஒரு நாய்க்கூண்டு வாசல் அளவுதான். வழிகாட்டி ஒரு கட்டைகுட்டையான பெண். "வயித்தைத் தரையில வைங்க. தலையைத் தூக்காதீங்க. மாட்டிக்கிட்டா மூச்சை விடுங்க, இழுக்காதீங்க. மூச்சை விட்டா உடம்பு சின்னதாகும்" என்றாள். இகுமி சேற்றில் படுத்து ஊர்ந்தாள். பாறை முதுகை உரசியது. நடுவில் ஒரு இடத்தில் இடுப்பு சிக்கிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை.

"அம்மா, மூச்சை விடு" என்றாள் பின்னாலிருந்து சிஹாயா. "முழுசா விடு. பாட்டிகிட்ட பேசின மாதிரி விடு."

அந்த நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது இகுமிக்கு. சிரித்ததில் மூச்சு போனது, மூச்சு போனதில் இடுப்பு நழுவி அந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

அங்கே ஒரு சின்ன அறை. நான்கு பேர் உட்காரலாம். வழிகாட்டி எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னாள். அணைத்தார்கள். இகுமி சின்ன வயதில் பார்த்த அதே இருட்டு. ஆனால் இந்த முறை அவளுக்குச் சுகமாக இல்லை, பயமாக இருந்தது. கல்லறை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், அவர் போய்விட்டார், நாளைக்கு என்ன என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

இருட்டிலேயே சிஹாயா கேட்டாள். "அம்மா, நிஜமாவே உனக்குக் கல்லறையில இடம் வேண்டாமா?"

"தெரியலைடீ. சொல்லும்போது நல்லா இருந்துச்சு."

"இப்போ?"

எங்கோ ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. "இப்பவும் நல்லாத்தான் இருக்கு. பயமாவும் இருக்கு. ரெண்டும் இருக்கு" என்றாள்.

வழிகாட்டியின் அக்கா பக்கத்திலேயே ஒரு சின்ன விடுதி நடத்தினாள். அன்று காலிசெய்த ஓர் அறையை இவர்களுக்குக் கொடுத்தாள். குளித்து, விடுதியின் பருத்தி அங்கியைக் கட்டிக்கொண்டு இருவரும் பாயில் சரிந்தார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சில்வண்டுகள் கத்தின. அப்போது போன் அடித்தது. யசுநோபு.

"போய்ச் சேர்ந்துட்டீங்களா?" என்றாள்.

"வந்துட்டேன்." குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். பின்னால் சிரிப்பும் தட்டு சத்தமும் கேட்டன. "இகுமி, இங்க ஒரே கலவரம். பாத்திரம் மலை மாதிரி கிடக்கு. அம்மா அடுப்படியில ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு எதையும் தொட மாட்டேங்கறாங்க. நீதான் செய்ய வேண்டாம்னு சொன்னியாமே. கூடத்துல அத்தனை பேரும் நொப்பே எங்க, நொப்பே எங்கன்னு கேக்கறாங்க. ஓபோனுக்கு அந்தக் கிழங்குக் கூட்டு இல்லாம எப்படி? நான் சேப்பங்கிழங்கு உரிக்க ஆரம்பிச்சிட்டேன். கை அரிக்குது. அரிச்சு உயிர் போகுது."

சிஹாயா எழுந்து உட்கார்ந்து போனைச் சத்தமாக வைத்தாள்.

"அத்தைகிட்ட கேளுங்க. அவங்களுக்கு நொப்பே தெரியாதா?"

"கேட்டேன். பதில் சொல்லலை." இன்னும் குரலைத் தாழ்த்தினான். "அவங்க அடுப்பை விட்டு இருபது வருஷம் ஆச்சு. கணக்கு மறந்துபோச்சுன்னு நினைக்கறேன். அதைச் சொல்லிக்கவும் மாட்டாங்க. உன் நொப்பேயைத்தான் எல்லாரும் இங்க 'கிசாயே நொப்பே'ன்னு சாப்பிட்டுட்டு இருந்திருக்காங்க. இப்ப நீ சொல்லு. முதல்ல எதைப் போடணும்?"

இகுமி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "முதல்ல ஒண்ணு சொல்லுங்க. நான் ஏன் வரலைன்னு அங்க என்ன பேச்சு?"

கிழங்கு ஒன்று தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

"என்னங்க?"

"முதுகுன்னுதான். அம்மா சொன்னதையே எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. வந்ததும் வராததுமா பெரிய மாமா 'பாவம், இகுமி முதுகு'ன்னாரு. நான் தலையாட்டினேன். என்ன செய்ய?"

"அப்போ நொப்பே கிடையாது."

"இகுமி!"

"முதுகு வலிக்கறவ எப்படிங்க சமையல் சொல்லித் தருவா? படுத்துத் தூங்குவா. வச்சிடட்டுமா?"

"இரு, இரு, வைக்காதே! கிழங்கை எல்லாம் உரிச்சுட்டேன்!"

"கூடத்துக்குப் போங்க. போனைக் கையிலயே வச்சிருங்க, எனக்குக் கேக்கணும். உள்ளதைச் சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

"எல்லார் முன்னாலயுமா? உன்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"அதை நினைக்கட்டும்னுதான் சொல்லச் சொல்றேன்."

சிஹாயா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர்க் குழாய் மூடும் சத்தம் கேட்டது. பலகைத் தரையில் காலடி கேட்டது. கதவு இழுபடும் சத்தம். கூடத்தின் இரைச்சல் பெரிதாயிற்று.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க." யசுநோபுவின் குரல் உடைந்து வந்தது. அலுவலகத்தில் கூட்டத்துக்கு முன்னால் பேசும் ஆள்தான். ஆனாலும் அந்தக் கூடத்தில் அவன் இதுவரை அப்படி நின்றதில்லை. "இகுமிக்கு முதுகு வலி இல்லை. அது நான் சொன்ன பொய். அவ நல்லா இருக்கா. குகை பார்க்கப் போயிருக்கா. வரலைன்னு அவ முடிவு பண்ணினா. வர இஷ்டமில்லைன்னு சொல்லச் சொன்னா. எனக்குத் தைரியமில்லாம மாத்திச் சொல்லிட்டேன். அவ்வளவுதான்."

இரைச்சல் அடங்கிவிட்டது. மின்விசிறி சுற்றுவது மட்டும் போனில் கேட்டது. இகுமி கண்ணை மூடிக்கொண்டாள். மாமியாரின் குரல் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

பெரிய மாமாவின் குரல்தான் வந்தது. "அப்படின்னா... இப்ப பீர் யாரு எடுத்துட்டு வர்றது?"

சிஹாயா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பீர் பெட்டி அடுப்படியில இருக்கு மாமா. எழுந்து போய் எடுத்துக்குங்க" என்றான் யசுநோபு. "மோரியோ, நீயும் எழுந்திரு. பாத்திரத்துக்கு ஆள் வேணும்."

யாரோ எழுந்தார்கள். யாரோ முணுமுணுத்தார்கள். யாரோ ஒரு அத்தை, "நானும் அடுத்த வருஷம் வரலை" என்றாள், சிரிப்புக்கா நிஜமாகவா என்று தெரியவில்லை. காலடி திரும்பவும் அடுப்படிக்கு வந்தது.

"கேட்டியா?" என்றான்.

"கேட்டேன்."

"சொல்லு இப்போ."

"காஞ்ச காளானைத் தண்ணியில ஊறப்போடுங்க. அந்தத் தண்ணியைக் கொட்டிடாதீங்க, அதுலதான் இருக்கு எல்லாமே. கைக்கு வினிகர் தடவுங்க, அரிப்பு நிக்கும்."

"சரி. ஊறப்போட்டுட்டேன். அடுத்து?"

"ஊறட்டும். பொறுங்க."

"எவ்வளவு நேரம்?"

கீழே விடுதிக்காரி மணியை ஆட்டினாள். சோற்று மணமும் சுட்ட ஆற்று மீன் மணமும் மாடி ஏறி வந்தன.

"நான் சாப்பிட்டு வர்ற வரைக்கும்" என்றாள் இகுமி. "இங்க யாரோ எனக்குச் சமைச்சு வச்சிருக்காங்க."